கடலைத் தவிர எதுவும் எழுத வரவில்லை, இனி எதைப் படிப்பது?

பாம்பன் வாசகன்:

வணக்கம். சொந்த ஊர் பாம்பன். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சிறுகதைகள் எழுதுவேன், இதுவரை பதினொன்று அச்சில் வந்திருக்கின்றன, எல்லாம் சிற்றிதழ்களில்தான். போன ஆடி மாதத்துக்குப் பிறகு ஒரு கதையைக்கூட முடிக்க முடியவில்லை. உட்காருகிறேன், இரண்டு பக்கம் நன்றாகவே ஓடுகிறது, அப்புறம் இது ஏற்கெனவே நான் எழுதியதுதான் என்று எனக்கே தெரிந்துவிடுகிறது. பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

போன மாதம் பதினொரு கதைகளையும் ஒரே மூச்சில் படித்துப் பார்த்தேன். ஏழில் அப்பா கடலுக்குப் போகிறார், திரும்பி வருவதில்லை. மூன்றில் 1964 புயல். ஆறு கதைகள் அலைச் சத்தத்தில் முடிகின்றன. ஒரு இதழாசிரியர் கதையைத் திருப்பி அனுப்பும்போது, உங்கள் கடலில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லையே என்று எழுதியிருந்தார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அவர் சொன்னது சரி என்றே படுகிறது.

நான் படிப்பதும் சிறுகதைகள்தான், அதிலும் பெரும்பாலும் கடற்கரைக் கதைகள். இரண்டு நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர், எழுதும் காலத்தில் எதையும் படிக்காதே, அடுத்தவர் நடை வந்து ஒட்டிக்கொள்ளும் என்கிறார். இன்னொருவர், நிறையப் படி, தானாக ஊறும் என்கிறார். எதைப் படிப்பது என்று அவரும் சொல்லவில்லை. இப்போது தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, ஐஸ் கம்பெனியில் வேலை குறைவு. கையில் நேரம் இருக்கிறது. வறண்டுபோன பிறகு படிப்பால் மீண்டு வந்தவர்கள் இங்கே இருந்தால், என்ன படித்தீர்கள், அது எப்படி உதவியது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.


பழைய நூலகர், ராமநாதபுரம்:

தம்பி, நான் இந்த மாவட்டத்துக் கிளை நூலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுதுகிறவர்கள் நிறையப் பேரை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உள்ளே வந்ததும் நேராகக் கதை அலமாரிக்குப் போவார்கள். எதிர்ச் சுவரில் இன்னொரு அலமாரி இருக்கும், மீன்வளம், கட்டடக் கலை, சட்டம், மருத்துவம், பழைய பாட்டு, ஊர் வரலாறு, அகராதி என்று. அதன் பக்கம் வருவது போட்டித் தேர்வுப் பிள்ளைகள் மட்டும்தான். வருடக்கணக்கில் வந்த எழுத்தாளர்கள்கூட அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

உங்கள் கதைகளில் அப்பா ஏன் திரும்பி வருவதில்லை தெரியுமா? கடற்கரைக் கதை என்றால் இப்படித்தான் முடியும் என்று மற்றக் கடற்கரைக் கதைகள் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. கதையைப் படித்துக் கதை எழுதினால் அப்படித்தான் ஆகும்.

புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவைப் பற்றிப் படித்தது போதும். அதற்கு முந்தின வருடம் தனுஷ்கோடியில் என்ன இருந்தது என்று படியுங்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறித் தலைமன்னார் போனார். போட் மெயில் என்று பெயர். இர்வின், கோஷன் என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் ஓடின. அப்படியென்றால் அங்கே சுங்க அலுவலகம் உண்டு, தபால் நிலையம் உண்டு, ரயில்வே குடியிருப்பு உண்டு, பெட்டி தூக்குகிறவர் உண்டு, ரயில் தாமதமானால் கப்பலைப் பிடிக்க ஓடுகிறவர் உண்டு. பழைய ரயில்வே கால அட்டவணை ஒன்று கையில் கிடைத்தால் அரை நாள் அதையே படியுங்கள். எந்த நேரத்துக்கு எந்த வண்டி வந்தது, அந்த நேரத்தில் வெளிச்சம் இருந்ததா, யார் தூக்கம் கெட்டது என்று நீங்களே கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள். புயலைப் படித்தால் எல்லோருக்கும் ஒரே கண்ணீர்தான் வரும். கால அட்டவணையில் அப்படியில்லை, ஒவ்வொருவருக்கும் வேறொரு ஆள் எழுந்து வருவான்.

அப்புறம் சங்கப் பாட்டு. பாடப் புத்தகத்தில் படித்ததோடு விட்டிருப்பீர்கள். அகநானூறு 70-ஆம் பாட்டை எடுங்கள், உரையோடு படியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. காதலர் திருமணம் நிச்சயமானதும் ஊர் வம்பு ஒரேயடியாக அடங்கிவிடுகிறது. எப்படி அடங்கியது என்றால், கோடிக் கரையில் ஒரு ஆலமரத்தடியில் இராமன் இரகசியம் பேசியபோது அதில் இருந்த பறவைகள் எல்லாம் சத்தம் அடங்கியதுபோல. அந்தக் கோடி நம் தனுஷ்கோடி என்கிறார்கள். நீங்கள் நாற்பது தடவை போய்வந்த மணல். வெறும் மணலும் இடிந்த கோயிலுமாகத்தான் உங்கள் கதைகளில் அது வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே பறவை நிறைந்த ஒரு ஆலமரத்தை ஒருவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதே பாட்டின் தொடக்கத்தில் பரதவர் நல்ல வேட்டையோடு வருகிறார்கள். வந்ததும் என்ன செய்கிறார்கள்? வலையைப் பாராட்டுகிறார்கள். அப்புறம் அயிலை மீனைப் பங்கு போடுகிறார்கள். மலையாளக் கரையில் இன்றும் அயல என்கிறார்களே, நாம் காணாங்கெளுத்தி என்கிறோமே, அதுதான். சிறிய கண் வலை, நன்றாக உழைத்த வலை என்று மனிதர்கள் நின்று அதன் பெருமையைச் சொல்வதை நான் வேறெங்கும் படித்ததில்லை. உங்கள் பதினொரு கதைகளில் யாராவது வலையைப் பாராட்டியிருக்கிறார்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், அன்பாகத்தான் கேட்கிறேன்.

புத்தகம் கிடைக்கவில்லை என்ற பேச்சு இப்போது செல்லாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் சங்க இலக்கியம் முழுவதும் இருக்கிறது. கலாம் சிறுவனாக இருந்தபோது, போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காததால் பத்திரிகைக் கட்டுகளை ஓடுகிற வண்டியிலிருந்து வீசுவார்கள், அதை எடுத்து ஊருக்குள் போட உதவினார் என்று அவரே எழுதியிருக்கிறார். ஊரில் ஒருவர் வீட்டில் நிறையப் புத்தகம் இருந்தது, இரவல் வாங்கிப் படித்தேன் என்றும் சொல்கிறார். நம் தீவுக்குப் படிப்பு அப்படி வந்து விழுந்திருக்கிறது.


கீழக்கரை வாசகி:

நூலகர் ஐயா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். என் அனுபவத்தையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊரில் சங்கு அறுக்கும் பட்டறைகள் உண்டு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒன்று இருந்தது. வாசலில் வெள்ளைத் தூள், உள்ளே சக்கரத்தின் கீச்சுச் சத்தம், ஓரத்தில் கழித்துப் போட்ட சங்குத் துண்டுகள் குவியலாக. தினமும் பார்த்ததுதான். எழுத வந்த பிறகு அந்தப் பட்டறையை எழுத மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் தூள், சத்தம், இருமல், ஏழ்மை என்றே வந்தது. பொய் இல்லை, ஆனால் உயிரும் இல்லை.

அப்புறம் ஒருநாள் அகநானூற்றின் 24-ஆம் பாட்டைப் படித்தேன். அதில் பகன்றை மொட்டுக்கு ஒரு உவமை வருகிறது. சங்கை அரத்தால் அறுத்து வளையல்களை எடுத்த பிறகு மிச்சமாகிற நுனி இருக்கிறதல்லவா, சுருண்டு கூராக, அதுபோல இருக்கிறதாம் விரியாத மொட்டு. அந்த நுனிக்குக் கொழுந்து என்று பெயர் சொல்கிறார் புலவர். அதைப் படித்த இடத்திலேயே எனக்குக் கை நின்றுவிட்டது. பட்டறை ஓரத்தில் குவிந்து கிடந்த அதே துண்டுதான். நான் குப்பையாகப் பார்த்ததை ஒருவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார், பூ மொட்டு ஞாபகம் வந்திருக்கிறது. மறுநாள் ஒரு துண்டை வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன். மேலே மழமழப்பு, அறுத்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு, உள்ளே இளஞ்சிவப்பு ஓடுகிறது. இதெல்லாம் இருபது வருடம் என் கண் முன்னால் கிடந்தது.

அங்கிருந்து சங்கைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். ஜேம்ஸ் ஹார்னெல் என்று சென்னை மாகாண மீன்துறையில் இருந்தவர் 1914-ல் சங்கைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நம் கடலில் முங்கி எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே அறுபட்டு, கல்யாணமான பெண்ணின் கையில் வளையலாக ஏறுகிற கதை முழுவதும் அதில் இருக்கிறது. அது அறிக்கைதான், அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் எனக்கு அதிலிருந்து ஒரு பெண் கிடைத்தாள். கீழக்கரைக் கடலைப் பார்க்காமலே அதைக் கையில் போட்டுக்கொண்டு சமைக்கிற ஒருத்தி. அவளை எழுதிய கதைதான் நான் இரண்டு வருடத்துக்குப் பிறகு முடித்த முதல் கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் உம்மம்மா அரபுத்தமிழ் படிப்பார்கள். எழுத்து அரபு, மொழி தமிழ். கொழும்பிலிருந்து வந்த பழைய கடிதங்கள் அந்த எழுத்தில்தான் பெட்டியில் இருந்தன. போன வருடம் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிறது, ஒரு வரிக்கு ஐந்து நிமிடம். ஆனால் அப்படி நத்தைபோலப் படிக்கும்போது 'சோறு', 'வெயில்', 'வருவேன்' என்று ஒவ்வொரு சொல்லும் முதல் தடவை கேட்பதுபோல வந்து நிற்கிறது. நாம் தமிழை ரொம்ப வேகமாகப் படிக்கிறோம், கண் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. நடை ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிற சகோதரருக்கு இதைத்தான் சொல்வேன், மெதுவாகப் படிக்க வேண்டிய எதையாவது எடுங்கள். பழைய உரைநடை, செய்யுள், கல்வெட்டு வாசகம், எதுவானாலும் சரி.

உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போது நெல் வயலும் ஆறும் மருத நிலமுமாகப் பாடியிருக்கிறார். பள்ளியில் இதைத் தவறு என்று சொல்லிச் சிரித்த ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. தூரத்து ஊரைப் பற்றிய கதை கேட்டவர் அதைத் தன் மண்ணில் நட்டிருக்கிறார். படித்ததை என்ன செய்வது என்பதற்கு எனக்கு அதுவே போதும்.


வத்தைக்காரன்:

அண்ணே, நான் எழுதுகிறவன் இல்லை, படிக்கிறவன். எங்கள் வீட்டில் வத்தை என்கிற நாட்டுப் படகு இருக்கிறது, நானும் அப்பாவும் போகிறோம். எல்லோரும் படி படி என்கிறார்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள்.

நிறையப் படித்துவிட்டு எழுதும் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு கதையில் மார்கழி மாதம் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடித்துத் தெற்குக் கடல் பொங்குகிறது. கச்சான் என்ற சொல்லை எங்கோ படித்திருக்கிறார், நன்றாக இருக்கிறது என்று போட்டுவிட்டார். மார்கழியில் வாடை. அப்போது பொங்குவது வடக்கே இருக்கிற கடல், பெண்கடல் என்று நாங்கள் சொல்கிற பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல், அது கச்சான் காலத்தில்தான் ஆடும். இரண்டு கடலுக்கும் நடுவில் நிற்கிற பாம்பனில் உட்கார்ந்துகொண்டு இதைத் தப்பாக எழுதினால் நாங்கள் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டோம்.

இன்னொரு கதையில் நீரோட்டத்துக்கு வாநீவாடு, சோநீவாடு என்று தொடங்கி ஒரே பக்கத்தில் பத்துப் பதினைந்து சொற்கள். எங்கள் கரையில் அதில் நாலைந்துதான் புழங்குகிறது, மற்றதெல்லாம் வேறு வேறு ஊர். வலை விடும்போது யாரும் இத்தனை சொல் சொல்ல மாட்டார்கள். அப்பா கையை மட்டும் காட்டுவார், நான் திருப்புவேன்.

அதனால் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படித்ததைக் கரைக்குக் கொண்டுவந்து ஒரு ஆளிடம் கேளுங்கள். இது எங்கள் ஊரில் உண்டா, இதற்கு இங்கே என்ன பெயர் என்று. இல்லை என்று சொன்னால் விட்டுவிடுங்கள். கேட்டால் நாங்கள் சொல்லாமல் இருக்கப் போவதில்லை, ரொம்பப் பேர் கேட்பதே இல்லை.


பாசிக்காடு:

வத்தைக்காரத் தம்பி சொன்னது எல்லோரும் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியது. நானும் இதில் அடி வாங்கியவள்தான். கடல்பாசி பற்றிய ஒரு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருக்கிறேன், கவிதை எழுதுகிறேன். ஆய்வுத் தாளில் அறிவியல் பெயரோடு படித்த ஒரு பாசியைப் பற்றி எழுதிவிட்டு, அதைப் பறிக்கிற அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, மரிக்கொழுந்துதானே, அதைச் சொல்ல வேண்டியதுதானே என்று. அத்தனை வாசமுள்ள பெயர் அந்தப் பாசிக்கு அவர்கள் வாயில் இருக்கிறது. அதோடு, பாறையில் பிடுங்கும்போது விரல் கிழியாமல் இருக்கத் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் சுற்றிக்கொள்கிறார்கள். எந்த விரலில் முதலில் சுற்றுவது என்பதற்குக்கூட அவரிடம் ஒரு வரிசை இருந்தது. இது எந்தத் தாளிலும் இல்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. தாளில் இருப்பது கரையில் கிடைக்காத நேரமும் இருக்கிறது. ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, இப்போது பார்த்தவர்களே குறைவு. அது குட்டிக்குப் பால் கொடுக்கும் காம்பு முன் துடுப்புக்கு அடியில், நம் அக்குள் மாதிரி இடத்தில் இருக்கிறது. அதன் தந்தத்தை நீளவாக்கில் அறுத்தால் மரத்தின் வளையங்கள்போல வளர்ச்சி அடுக்குகள், அதை எண்ணி வயது சொல்கிறார்கள். கடல்புல் மேய்ந்துகொண்டு போன இடத்தில் தரையில் ஒரு தடம் விழுகிறது. இதையெல்லாம் நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கி, சீக்கிரமே மண்டபத்துக்கு வந்தது, 1971-ல்தான் தலைமையகம் கொச்சிக்குப் போனது. நம் கடலைப் பற்றி அவர்கள் எழுதிய ஆய்வுத் தாள்கள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம்தான், ஆனால் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு தாளை ஒரு வாரம் படிக்கலாம். நடை ஒட்டிக்கொள்ளும் என்ற பயமே இதில் தேவையில்லை. ஒரு நல்ல நாவலைப் படித்தால் பத்து நாள் அந்த மாதிரியே எழுதுவோம். மீன் கணக்கைப் படித்து யாரும் மீன் கணக்கு மாதிரிக் கவிதை எழுதியதில்லை. தகவல் மட்டும் உள்ளே தங்கும், சொல்லும் முறை நம்முடையதாகத்தான் வரும்.

எனக்கு உண்மையில் உதவியது ஒரு தகவல்கூட இல்லை, ஒரு வேலைமுறை. கடலடியில் பாசி எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்க ஒரு சட்டம் வைத்திருப்போம், அரை மீட்டருக்கு அரை மீட்டர். அதைத் தரையில் வைத்துவிட்டு அந்தச் சதுரத்துக்குள் இருப்பதை எல்லாம் எழுத வேண்டும். பாசி, சிப்பி, கல், மணல், வெறும் இடம் எவ்வளவு என்பதுவரை. அழகானதை மட்டும் எடுக்கக் கூடாது, சட்டத்துக்கு வெளியே கண் போகக் கூடாது. செயல்முறை என்ற தலைப்பில் ஒரு தாளில் இதை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, இதை ஏன் கவிதைக்குச் செய்யக் கூடாது என்று தோன்றியது. மீன் மார்க்கெட்டில் ஒரு சதுரத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு காலை ஆறிலிருந்து ஏழுவரை அதற்குள் வந்ததை மட்டும் எழுதினேன். செதில், சாக்கு நூல், ஒரு பெண்ணின் குதிகால், நசுங்கிய வெற்றிலை, மறுபடி அதே குதிகால், இப்போது ஈரமாக. எட்டு மாதமாக ஒரு வரி வராமல் இருந்தவளுக்கு அன்று நாலு பக்கம் வந்தது.

அண்ணா, நீங்கள் ஐஸ் கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன் என்கிறீர்கள். பதினொரு கதையில் எதிலாவது ஐஸ் வருகிறதா?


பாம்பன் வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு கதையில்கூட ஐஸ் இல்லை. அது வேலை, கதை இல்லை என்று நினைத்திருக்கிறேன் போல. வலையைப் பாராட்டிய ஆளும் என் கதைகளில் இல்லை ஐயா.

படித்துவிட்டு வந்து சொல்கிறேன்.


பழைய நூலகர், ராமநாதபுரம்:

அவசரம் வேண்டாம் தம்பி. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், கதைகளை அடியோடு விட்டுவிடாதீர்கள். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே இருங்கள். தமிழில் எழுதப்பட்ட நல்ல கதைகளை விட்டுவிட்டு அறிக்கைகளை மட்டும் படித்தால் காது மந்தமாகிவிடும், வாக்கியத்தின் ஓசை போய்விடும். இரவில் படுக்கும்முன் பத்துப் பக்கம் நல்ல உரைநடையை வாய்விட்டுப் படிப்பது நான் இன்றும் செய்வது.


பாம்பன் வாசகன் (மூன்று வாரம் கழித்து):

வந்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ராமநாதபுரம் போய் நூலகத்தில் கதை அலமாரிக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். குளிர்பதனத் தொழிலைப் பற்றிப் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கான ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, நடுவில் நாலு பக்கம் காணோம். அதை எடுத்து வந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர், அம்மோனியாவால் குளிர்ந்து கிடக்கும். அந்த உப்புத் தண்ணீர் உறையாது. நல்ல தண்ணீர் ஊற்றிய தகரக் கேன்களை அதில் இறக்குவோம், மறுநாள் கேனுக்குள் ஐஸ் பார் தயாராகியிருக்கும். ஒன்பது வருடமாக எத்தனை பார் போனது, யாருக்குப் போனது என்று எழுதுகிறவன் நான். ஒவ்வொரு பாரிலும் ஓரம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், நடுவில் மட்டும் பால் கலந்ததுபோல வெள்ளையாக ஒரு கோடு நீளவாக்கில் ஓடும். அது ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

புத்தகத்தில் இருந்தது. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே உறைகிறது. உறையும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றையும் உப்பையும் ஐஸ் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, உள்ளே தள்ளிக்கொண்டே போகிறது. நான்கு பக்கமும் நெருங்கி நெருங்கி வர, போக இடமில்லாமல் எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அந்த வெள்ளை, சிறைப்பட்ட காற்று. இரவு பதினொரு மணிக்கு இதைப் படித்தேன், எழுந்து மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

வத்தைக்காரத் தம்பி சொன்னபடி மறுநாள் லோடு ஏற்றுகிற அண்ணனிடம் கேட்டேன், அந்த நடு வெள்ளைக்கு என்ன பெயர் என்று. பெயரெல்லாம் இல்லை, ஆனால் பாரைப் பிளக்கும்போது அங்கே பார்த்துத்தான் அடிப்போம், சுளுவாக விட்டுக்கொடுக்கும் என்றார். அடித்தும் காட்டினார். ஒரே அடி, நீளமாக இரண்டாகப் போனது, வெள்ளை இரண்டு பக்கமும் பாதிப் பாதி. குனிந்து காதை வைத்தால் சின்னதாகப் பொரிகிற சத்தம் கேட்கிறது, காற்று வெளியேறுகிறது. அவருக்கு அது தெரிந்திருக்கிறது. பதினைந்து வருடமாகக் கேட்கிறேன், நீ இப்பத்தான் கேட்கிறாயா என்றார்.

அங்கிருந்து படிப்பு என்னை இழுத்துக்கொண்டு போனது. சென்னையில் ஐஸ் ஹவுஸ் என்ற கட்டடம் எதற்குக் கட்டினார்கள் என்று பார்த்தேன். அமெரிக்காவில் ஏரி உறைந்ததும் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து 1840-களில் விற்றிருக்கிறார்கள். மரத்தூள்! எங்கள் வாசலில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அந்தக் கட்டடத்தில்தான் 1897-ல் விவேகானந்தர் தங்கினார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அந்த ஜனவரியில், கொழும்பிலிருந்து வந்து அவர் இறங்கியது எங்கள் பாம்பனில். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வந்து வரவேற்றார். குந்துகாலில் நினைவிடம் இருக்கிறது, நான் சைக்கிளில் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். ஐஸைத் தேடிப் புறப்பட்டவன் சுற்றிச் சுற்றி என் ஊர்க் கரைக்கே வந்து நின்றேன். இது கதையில் வராது, வர வேண்டியதில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு உட்கார்ந்தபோது கை நடுங்காமல் எழுதியது.

பாசிக்காடு சொன்ன சட்டத்தையும் செய்து பார்த்தேன். ஐஸ் கம்பெனிச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் சதுரம் போட்டேன். தடைக்காலம் என்பதால் லோடு குறைவு, ஒரு மணி நேரத்தில் அதற்குள் வந்தது ஒரு பூனை, மூன்று தடவை ஒழுகிய தண்ணீர், லோடு அண்ணனின் ரப்பர் செருப்பு. செருப்பின் வார் அறுந்து, மீன் வலை நூலால் தைத்திருந்தது. முடிச்சு வலை முடிச்சு. அவர் முன்பு கடலுக்குப் போனவர் என்பது எனக்கு அந்த முடிச்சைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஒன்பது வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்திருக்கிறோம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாலு பக்கம் வந்திருக்கிறது. இதில் அப்பா கடலிலிருந்து திரும்பி வந்துவிட்டார், வந்து ஐஸ் தூக்குகிறார். புயல் இல்லை. எப்படி முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, தெரியாமல் எழுதுவது ரொம்ப நாளைக்குப் பிறகு இப்போதுதான்.

கீழக்கரைச் சகோதரிக்கு ஒரு கேள்வி: அரபுத்தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்ள ஆரம்பப் புத்தகம் ஏதாவது உண்டா? எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பழைய கடிதங்கள் இருக்கின்றன, படிக்க ஆள் இல்லை என்கிறார். அவர் மகனிடம் கேட்டேன், எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.


கீழக்கரை வாசகி:

புத்தகம் தேட வேண்டாம், எழுத்து அட்டவணை ஒன்று நானே கையால் எழுதி வைத்திருக்கிறேன், படம் எடுத்து இங்கே போடுகிறேன். தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் கூடுதலாகப் புள்ளி சேர்த்திருப்பார்கள், முதல் வாரம் அந்தப் புள்ளிகள் குழப்பும், அப்புறம் பழகிவிடும். பழைய கடிதமானால் மடிப்பில் காகிதம் உடையும், விரிக்கும்முன் ஒரு இரவு தலையணைக்கு அடியில் வைத்து மெதுவாகத் தட்டையாக்குங்கள். அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே படியுங்கள்.